சம்பந்தி கம்பெனி வாட்ச்

வாட்ச் என் மணிக்கட்டில் இரண்டு தரம் அதிர்ந்தபோது நான் ஏணியில் பாதி உயரத்தில் நின்றுகொண்டு, யாரோ திருப்பி அனுப்பிய மிக்ஸி ஒன்றை மேல் அடுக்கில் தள்ளிக்கொண்டிருந்தேன். ‘கொஞ்சம் நடங்கள்’, ‘இன்று அசத்திவிட்டீர்கள்’ என்று அது நாள் முழுக்க ஏதாவது உளறிக்கொண்டிருக்கும். நான் பார்ப்பதே கிடையாது. அன்று நெஞ்சுக்குள் படபடவென்று வந்து மூச்சு இழுத்ததால் ஏணிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கை கண்ணெதிரே இருந்தது, படித்தேன். இதயத்துடிப்பு சீராக இல்லை, மருத்துவரைப் பாருங்கள் என்று போட்டிருந்தது. அதற்கு மேலே சின்ன எழுத்தில் ‘அப்பா’ என்று இருந்தது. அந்த வாட்ச் என் மாமனாருடையது.

மாமனாரின் வாட்ச் மருமகள் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டால், அதற்கு என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பகலில் அவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவர். சாயங்காலம் சட்டையை மாற்றினாரென்றால் உலகத்தில் இருக்கிற எல்லா எலெக்ட்ரானிக் கம்பெனிக்கும் அவர்தான் நீதிபதி. சேனல் வைத்திருக்கிறார். அவர் சொல்வதைக் கேட்டு போன் வாங்குகிறவர்கள் சில ஆயிரம் பேராவது இருப்பார்கள். பெயர் சொன்னால் வழக்கு போட்டுவிடுவான் என்று கம்பெனிகளுக்கெல்லாம் உறவுமுறை வைத்திருக்கிறார். எக்கச்சக்கமாக விலை வாங்கிக்கொண்டு, பெட்டிக்குள் சார்ஜர்கூட வைக்காமல், வாங்கியதற்கு நாம்தான் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று முகத்தை வைத்துக்கொள்ளும் பெரிய கம்பெனிக்கு ‘சம்பந்தி’. மாதாமாதம் புது மாடலோடு வந்து நின்று, எல்லாம் இருக்கிறது என்று சத்தியம் செய்துவிட்டு, பழுது என்றால் போனை எடுக்காத மலிவு கம்பெனிக்கு ‘மச்சான்’. ஒரு காலத்தில் ஊரையே ஆண்டுவிட்டு இப்போது அந்தக் கதையை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும் பழைய கம்பெனி ‘ஒன்றுவிட்ட சித்தப்பா’. சம்பந்தி நம்மை மதிக்க மாட்டான், ஆனால் பொருள் சுத்தம் என்பது அவருடைய கட்சி. பேட்டரியை ஒட்டிவிட்டு நம்மைக் கழற்ற விடாமல் செய்கிறானே என்று அதே சம்பந்தியை மறுநாள் கிழிகிழியென்று கிழிப்பார். சாப்பிடும்போது நான்கு வாய்க்கு ஒருமுறை எழுந்து போய் எதில் எத்தனை சார்ஜ் ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார். அவர் ஒரு இடத்தில் முழுசாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

போன வருஷம் என் மாமியார் சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்தார், எழுந்திருக்கவே இல்லை. மாமனார் முன்னறையில்தான் இருந்தார். பேசினால் பதில் சொல்லும் ஸ்பீக்கர் அலமாரியில் இருந்தது, வாசலில் கேமரா இருந்தது, யாராவது நடந்தால் தானாக எரியும் விளக்கு கூடத்தில் இருந்தது. எதுவும் ஒரு சத்தம் போடவில்லை. அதைப் பற்றி என் வீட்டுக்காரர் எந்த வீடியோவிலும் பேசியதில்லை, என்னிடமும் பேசியதில்லை. கொஞ்ச நாள் கழித்து சம்பந்தி கம்பெனியின் வாட்ச் ஒன்றை வாங்கிவந்து தன் அப்பா கையில் கட்டினார். தனி சிம் உள்ளது. துடிப்பு, நடை, தூக்கம் எல்லாம் உடனுக்குடன் இவர் போனுக்கு வந்துவிடும். இருக்கிற இடத்தைக் காட்டுவதை மட்டும் மாமனார் அணைக்கச் சொல்லிவிட்டார். நான் என்ன ஜாமீன்ல வந்தவனாடா என்று கேட்டாராம்.

மாமனார் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். நிலம் அளக்கிற சங்கிலியைப் பிடித்துக்கொண்டு காடுமேடெல்லாம் நடந்தவர். நடக்க வேண்டியதையெல்லாம் நடந்து முடித்தாயிற்று என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் படுத்தபடி டேப்லெட்டில் முகம் தெரியாதவர்களோடு செஸ் ஆடுவது அவர் வேலை. ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தால் மகன் அலுவலகத்திலிருந்து போன் போடுவார். தூக்கத்திலிருந்து எழுப்பி, உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்காத குறைதான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பு வைக்கும் இடத்தில் வந்து நின்றார். “இத நீ கட்டிக்கிட்டுப் போம்மா. நீதான் நாள் பூரா ஓடறியே. என்னைக் கொஞ்சம் தூங்க விடுங்க” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து காலையில் வாட்ச் எனக்கு, இவர் அலுவலகத்திலிருந்து திரும்புவதற்குள் மறுபடி மாமனாருக்கு. ஸ்ட்ராப்பில் அவர் மணிக்கட்டுக்கு நடுத் துளை, என் மணிக்கட்டுக்குக் கடைசித் துளை.

நான் வேலை பார்ப்பது ஒரு ஆன்லைன் கடையின் கிடங்கில், ரிட்டர்ன்ஸ் பிரிவில். இவர் போற்றியும் தூற்றியும் பேசுகிற பொருள்களெல்லாம் கடைசியில் என்னிடம்தான் வந்து சேரும். பெட்டியைப் பிரித்துப் பார்த்து, பழுதா, மனசு மாறியதா என்று ஒட்டுச்சீட்டு ஒட்டி அடுக்க வேண்டும். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்தாலே கால் கெஞ்சும். ஆகவே மகன் மகிழ்ந்துபோனார். அப்பா பூங்காவையே சுற்றுகிறார் போலிருக்கிறது என்று சாயங்காலம் துடிப்பு வரைபடத்தைப் பெரிதாக்கி எனக்குக் காட்டுவார். “எழுபது வயசுக்கு மேல, எப்படி ஏறி எப்படி இறங்குது பாரு, என்ன அழகான இதயம்” என்பார். அதை வைத்து ஒரு வீடியோவே போட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என் இதயத்தைப் பற்றி அவ்வளவு பேசியது அதுதான். பக்கத்தில் நின்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஏணியிலிருந்து இறங்கி ஒரு பெட்டிமேல் உட்கார்வதற்குள் என் போன் அடித்தது. அப்பாவுக்கு ஹார்ட்டில் பிரச்சினை, வாட்ச் காட்டுகிறது, வண்டியில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், நீ நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு என்று ஒரே மூச்சில் சொன்னார். இல்லைங்க, அது வந்து என்று நான் ஆரம்பித்தேன். அதற்குள் வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டிருக்கலாம். வாட்ச்சைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு மேற்பார்வையாளரிடம் மாமனாருக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். படபடப்பு அதற்குள் நின்றிருந்தது. ஏறும்போது வரும், இறங்கினால் போய்விடும், சில நாள் உட்கார்ந்திருக்கும்போதும் வரும். டீயைக் குறைக்க வேண்டும் என்று எனக்கு நானே பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் மாமனார் வீட்டு உடையோடு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் ஜெயிக்கிற இடத்தில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான் என்று என்னிடம் புலம்பினார். வாட்ச் எங்கே என்று மகன் கேட்டதற்கு சார்ஜில் போட்டிருக்கிறேன் என்று சொல்லித் தப்பித்திருக்கிறார். இவர் இருந்த நிலையில் போய்ப் பார்க்கவில்லை. ஈசிஜி எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இவர் அந்த நேரமெல்லாம் தாழ்வாரத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறை என்னைக் கடக்கும்போதும் நான் வாயைத் திறந்தேன். அவர் கண்ணைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். டாக்டரம்மா வந்து, இந்த வயதில் இவ்வளவு நல்ல இதயம் அபூர்வம், உங்கள் அப்பாவுக்கு ஒன்றுமில்லை, வேண்டுமானால் அந்த வாட்ச்சைக் கடையில் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று சொல்லிச் சிரித்தார். இவர் அந்த அம்மாளிடமே சென்சாரைப் பற்றி வாதாட ஆரம்பித்தார். பிறகு சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, தோள் குலுங்க அழுதார். அழுது முடித்ததும் கோபம் வந்துவிட்டது. சம்பந்தி புத்தியைக் காட்டிவிட்டான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பணம் கட்டப் போனார்.

மாமனார் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

“அப்ப அது யாரோடதும்மா?”

பட்டனை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள் என்று நான் குனிந்து அவர் சட்டையைச் சரிசெய்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“நானே சொல்லிடறேன் மாமா. நாளைக்கு” என்றேன்.

“உன் அத்தையும் நாளைக்குன்னுதாம்மா சொல்லிட்டிருந்தா.”

வண்டியில் வீடு வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஏன் சொல்லவில்லை என்றால் பயம்தான், வேறென்ன. எங்கள் கிடங்கில் ஒரு பொருளுக்குப் பழுது என்று சீட்டு ஒட்டினால்தான் அது பழுது. ஒட்டாதவரை மேல் அடுக்கில் மற்றதோடு உட்கார்ந்திருக்கும். அப்படி உட்கார்ந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. சொன்னால் இவர் தன் அப்பாமேல் பாய்வார், பிறகு என்மேல் பாய்வார், அப்புறம் அந்தத் தாழ்வாரத்தில் நடந்ததுபோல் எனக்காக நடப்பார். அந்த நடையை இன்னொரு தரம் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவாமல் கேமராவை எடுத்து நிறுத்தினார். வீடியோவுக்கு விளக்குப் பிடிப்பது எப்போதும் என் வேலை. வட்டமான விளக்கு, ரொம்பக் கனமில்லை, ஆனால் முடியும்வரை கையை இறக்கக் கூடாது. கைப்பையிலிருந்த வாட்ச்சை வரும்போதே சார்ஜர்மேல் வைத்துவிட்டேன். அவர் அதை எடுத்து மேஜையில் போட்டார், செத்த பூச்சியைப் போடுவதுபோல. ஆரம்பித்தார். இத்தனை நாள் இந்தக் கம்பெனியை நம்பி உங்களுக்கெல்லாம் சிபாரிசு செய்ததற்கு மன்னிப்புக் கேட்டார். பயத்தை விற்றுக் காசு பார்க்கிறார்கள், இன்றைக்கு எங்கள் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா என்று கேட்டார். பிறகு வாட்ச்சைத் தூக்கிக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டினார்.

“ஸ்ட்ராப்பையே பாருங்க. அப்பா மாட்டறது இந்தத் துளை, சரி, இங்க மடிப்பு விழும். இந்தக் கடைசித் துளைய யாருமே தொட்டது கிடையாது. இங்க இன்னும் ஆழமா மடிஞ்சிருக்கு. இதான் அவன் தரம். இவன் சொல்றானாம் என் அப்பாவோட இதயம் கெட்டுப்போச்சுன்னு.”

அப்போதுதான் எனக்கு மறுபடி ஆரம்பித்தது. நின்ற இடத்தில், ஏணியும் இல்லை, நடையும் இல்லை. உள்ளே ஏதோ அடித்து, தவறி, சேர்த்து இரண்டாக அடித்தது. அவர் முகத்தின்மேல் வெளிச்சம் ஆடியது.

“லைட்ட ஆட்டாத” என்றார் கேமராவைப் பார்த்தபடி.

ஆடாமல் பிடிக்கத்தான் பார்த்தேன். வாசலில் மாமனார் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். டேப்லெட் கையில் இல்லை. என் முகத்தையே பார்த்தார். நான் விளக்கைத் தரையில் வைத்தேன்.

“அந்த வாட்ச்சக் குடுங்க” என்று வீட்டுக்காரரிடம் கையை நீட்டினேன்.

“இரும்மா, ரெக்கார்டிங் போயிட்டிருக்கு.”

“போகட்டும்.”

அவர் கையிலிருந்து வாங்கிக் கட்டினேன். பார்க்காமலே கட்டினேன், அத்தனை நாள் பழக்கம். ஊசி கடைசித் துளையில் போய் உட்கார்ந்தது, மடிப்பு அதன் இடத்தில் வந்து படிந்தது. கண்ணாடியில் தலைமயிர் அளவு கீறலிருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற மனிதர் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பகல்ல அத நான்தாங்க கட்டியிருந்தேன். தினமும் நான்தான்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது. அவர் தரையில், என் முன்னால், விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். என்னையும் இழுத்து உட்கார வைத்தார். ஈசிஜி எடுக்கிற பக்கத்தைத் தொட்டுத் திறந்து, என் இன்னொரு கையின் விரலை எடுத்து வாட்ச்சின் ஓரப் பொத்தான்மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து மூடினார். எத்தனையோ வீடியோவில் தன் கையில் செய்து காட்டியதுதான். அரை நிமிஷம் விரலை எடுக்கக் கூடாது.

“அசையாத” என்றார். சேனலில் பேசுகிற குரல் இல்லை அது.

“நீங்கதாங்க ஆட்டறீங்க” என்றேன். அவர் கையை இன்னும் இறுக்கினார்.

பச்சைக் கோடு ஒன்று கறுப்புத் திரையில் கிளம்பியது. ஒரு மேடு, ஒரு பள்ளம், பிறகு எங்கேயோ கால் இடறி, பிறகு இரண்டு மேடு சேர்ந்தாற்போல. கேமராவின் சிவப்புப் புள்ளி ஆள் இல்லாத நாற்காலியைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. தரையிலிருந்த விளக்கு எங்கள் இரண்டு பேர் நிழலையும் கூரைக்கு அனுப்பியிருந்தது, வாசலில் நின்ற மாமனாரின் நிழலும் அதில் வந்து சேர்ந்தது. திரையின் மூலையில் எண் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தது. அவர் துளிகூட அசையாமல் உட்கார்ந்திருந்தார்.