நூறாம் நாள் பலகாரம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பொய்யில்லை. ஆனால் அந்தக் கோபத்தால்தான் தோஹாவின் நஜ்மா பகுதியில் ஒரு குழந்தையின் நூறாம் நாள் ஒழுங்காக நடந்தது என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்வதில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

எழுபத்தெட்டாம் வருஷம். கீழே கௌஸ் முகைதீனின் தையற்கடை, மேலே மூன்று மாடி, இரண்டாம் மாடியில் நாங்கள். ஒரு நாள் காலையில் கட்டடத்துக் காவல்காரர் மஹ்மூது மூச்சிரைக்கப் படியேறி வந்து, என் எதிர்வீட்டுக் கதவைக் காட்டினார்.

"மதாம், ஷாதி மாஃபி!"

மஹ்மூது பேசுவது பாதி உருது, பாதி அரபி. கல்யாணம் ஆகவில்லை என்கிறார். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்தவர்கள் கொரியாக்காரர்கள். வாடகைக்காகக் கொடுத்த பாஸ்போர்ட் நகலில் ஆணுக்குப் பார்க் என்றும் பெண்ணுக்கு யூன் என்றும் குடும்பப் பெயர் இருந்ததாம். புருஷன் பெண்டாட்டி என்றால் எப்படி இரண்டு பெயர் இருக்கும், வீட்டு முதலாளிக்குத் தெரிந்தால் தன் வேலை போய்விடும், மதாம்தான் கேட்டுச் சொல்ல வேண்டும் என்று கையைப் பிசைந்தார்.

"நளினி, ஊர் வம்பெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று என் வீட்டுக்காரர் சேதுமாதவன் பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். அவர் பேப்பரை மடிப்பதற்குள் நான் எதிர்வீட்டு மணியை அடித்துவிட்டேன்.

கதவைத் திறந்தவளுக்கு ஏழாம் மாதம் இருக்கும். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அந்த வயிற்றைப் பார்த்ததும் கேட்க வந்த கேள்வி தொண்டையிலேயே நின்றுவிட்டது. "ஊறுகாய் வேணுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்து, ஒரு கிண்ணத்தில் எலுமிச்சை ஊறுகாயைப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அந்தக் கிண்ணத்தில் முள்ளங்கி ஊறுகாய் வந்தது. அப்படித்தான் மிசூக் எனக்குப் பழக்கமானாள்.

இரண்டு பேருக்கும் ஆங்கிலம் ஆளுக்குப் பாதிதான் தெரியும். சேர்த்து வைத்துப் பேசிக்கொண்டோம். என்னை 'ஒன்னி' என்று கூப்பிடுவாள். அக்கா என்று அர்த்தமாம். புருஷன் பார்க் பாலைவனத்து சைட்டில் இன்ஜினியர், வியாழன் ராத்திரி வந்து சனிக்கிழமை விடியுமுன் போய்விடுவார். இரண்டு பெயர் விஷயத்தையும் ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர்கள் நாட்டில் கல்யாணமானாலும் பெண்ணுக்கு அப்பா வீட்டுப் பெயர்தானாம்.

"அடேயப்பா, எவ்வளவு சுதந்திரம்!" என்றேன்.

மிசூக் சிரித்தாள். "சுதந்திரம் இல்லை ஒன்னி. நான் அந்த வீட்டுக்குள் போகலாம், என் பெயர் போகக்கூடாது. எனக்குப் பிறக்கிற பையன்தான் அவர்கள் ஆள்."

அந்தப் பையனுக்காக அவள் மாமியார் விமானமேறி வந்தார். பெட்டி நிறையக் காய்ந்த கடற்பாசி, அதோடு ஒரு பொட்டலம் சிவப்பு வத்தல் மிளகாய். பையன் பிறந்தால் வைக்கோல் கயிற்றில் மிளகாயைக் கோத்து வாசலில் கட்டுவார்களாம். பிறந்தது பெண். மிளகாய்ப் பொட்டலம் என் வீட்டுக்கு வந்தது. வத்தக்குழம்பில் போட்டேன், காரம் பரவாயில்லை.

அந்த அம்மாளைக் கொடுமைக்காரி என்று சொல்ல மாட்டேன். மருமகளைக் கட்டிலைவிட்டு இறங்க விடாமல் வேளாவேளைக்குக் கடற்பாசி சூப் வைத்துக் கொடுத்தார், துணி துவைத்தார், வீட்டைப் பளிங்கு மாதிரி வைத்திருந்தார். குழந்தையை மட்டும் தூக்கவில்லை. அது அழுதால் மருமகளைக் கூப்பிடுவார். பெயரும் வைத்தாகவில்லை. பார்க் மூத்த பிள்ளை, பெயரை அம்மா வாயால்தான் சொல்ல வேண்டும். அம்மா சொன்ன பெயர் ஹூநாம்.

"அப்படின்னா?"

"பின்னால் ஆண்" என்றாள் மிசூக். "அடுத்ததாவது பையனாகப் பிறக்கட்டும் என்று பெண்ணுக்கு வைக்கிற பெயர்." அவள் மனதில் வேறு பெயர் இருந்தது. சோரா. கடல் சங்கு. அவள் பிறந்தது கடற்கரை ஊரில். கல்யாணத்துக்கு முன்னாலேயே தன் பெண்ணுக்கு என்று எடுத்து வைத்த பெயராம். ஒரே ஒருதரம் மாமியாரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவர் காதில் விழாத மாதிரி எழுந்து போய்விட்டார். பிறப்பைப் பதியத் தூதரகம் தந்த பத்திரம், ஹூநாம் என்று எழுத மிசூக்குக்கு மனசு வராமல், மேஜைமேல் பெயரில்லாமல் கிடந்தது. மாமியார் ஊருக்குத் திரும்புமுன் அதை நிரப்பியாக வேண்டும். அவர் டிக்கெட் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கும் ஒரே பெண், நீலா, நர்சரி போகிறாள். மாயவரத்திலிருந்து என் மாமியார் எழுதும் ஒவ்வொரு ஏர்மெயிலும் 'அடுத்தது எப்போது?' என்றுதான் முடியும்.

ஒரு புதன்கிழமை மிசூக் வந்து அரிசி மாவு கேட்டாள். வெள்ளிக்கிழமை குழந்தைக்கு நூறாவது நாள். அன்றைக்கு வெள்ளையாக ஒரு பலகாரம் அவித்து நூறு பேருக்குக் கொடுத்தால் குழந்தைக்குத் தீர்க்காயுசாம். அவள் பின்னாலேயே மாமியார் வந்து நின்றார். கொரிய மொழியில் ஏதோ சொன்னார்.

"வேண்டாம் என்கிறார்" என்றாள் மிசூக். "இந்த மணல்காட்டில் நூறு பேருக்கு எங்கே போவாய்? கொடுத்தாலும் திருப்பித் தருகிற முறை இங்கே யாருக்குத் தெரியும்? பெண் குழந்தைக்கு இவ்வளவு எதற்கு?"

அது என்ன முறை என்று நான் கேட்டிருக்கலாம். கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. "நூறு பேர்தானே? நூத்தியொரு பேரைக் கொண்டுவந்து நிறுத்தறேன், பாருங்க!" என்று தமிழிலேயே கத்தினேன். அந்த அம்மாள் ஒரு அடி பின்னால் போனார்.

வியாழக்கிழமை என் வீட்டுப் பச்சரிசி முழுவதையும் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் அரைத்துச் சலித்தோம். மிக்ஸி இரண்டு தடவை சூடேறி நின்றது. அந்த வாரம் சைட்டில் அவசர வேலை என்று பார்க் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் மிசூக் வீட்டு அடுப்பில் என் இட்லிப் பானை. அதன்மேல் அவளுடைய ஓட்டைத் தட்டு, துணி, துணிமேல் சர்க்கரை கலந்த மாவு. கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. தட்டுக்கும் பானைக்கும் நடுவில் இருந்த இடுக்கு வழியாக ஆவியெல்லாம் போய்க்கொண்டிருந்தது, மாவு மாவாகவே இருந்தது. மாமியார் ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கார்மேகம் வந்தான். என் வீட்டுக்காரர் கம்பெனியில் பிக்கப் ஓட்டுகிறவன், பரமக்குடிப் பக்கம். வெள்ளிதோறும் காய்கறி வாங்கி வந்து போடுவான். கம்பெனி ஆட்கள் தங்கியிருக்கும் கேம்ப்பில் எழுபது பேருக்குப் பலகாரம் எடுத்துப் போக வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டான். கோபம் இன்னும் ஆறாததால் பெயர்க் கதை முழுவதையும் கொட்டினேன்.

"இதுல என்னக்கா இருக்கு? எங்க அக்கா பேரே போதும்பொண்ணுதான்" என்றான். "வரிசையா மூணும் பொண்ணு. அதான் ஆத்தா அப்படி வச்சிருச்சு."

மிசூக் என்ன என்று கேட்க, நான் சொல்ல, அவள் தன் மொழியில் மாமியாரிடம் சொன்னாள். ஜன்னலோரத்து முதுகு சட்டென்று திரும்பியது. ஒரு கேள்வி வந்தது. மிசூக் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அந்தப் பெயர் பலித்ததா என்று கேட்கிறார்."

"பலிக்காமயா? அடுத்தது நான்தானேக்கா!" கார்மேகம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"வாயை மூடுடா, கிறுக்கா! நீ யார் பக்கம் பேசறே?" கரண்டியை ஓங்கிவிட்டேன்.

அவன் சிரிப்பு நின்றது. "இல்லக்கா, கேட்டாங்களேன்னு சொன்னேன். ஆனா கல்யாணப் பத்திரிகை அடிக்கையில எங்க அக்கா, என் பேரை மட்டும் போடாதீயன்னு அழுதுச்சு. மாப்பிள்ளை வீட்டு ஆளுக சிரிப்பாகளாம். நாந்தான் அப்பாகிட்ட சண்டை போட்டு, செல்வின்னு அடிக்க வச்சேன்."

அதையும் மிசூக் சொன்னாள். அந்த அம்மாள் மடியில் கிடந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மிசூக் என் பக்கம் சாய்ந்து, "அவர் பெயருக்கும் அதே அர்த்தம்தான் ஒன்னி. இதோடு பெண் முடியட்டும் என்று வைத்தது" என்றாள் மெதுவாக. நான் ஓங்கிய கரண்டியை இறக்கினேன். மூன்று மாதமாக நான் திட்டிக்கொண்டிருந்த மனுஷி மேல் முதல்முறையாக எனக்குப் பாவமாக இருந்தது.

அப்போது அவர் எழுந்து வந்தார். என்னை இடுப்பால் ஒரு இடி இடித்து ஒதுக்கினார். ஒரு கைப்பிடி மாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கயிறு மாதிரி திரித்து, தட்டுக்கும் பானைக்கும் நடுவிலிருந்த இடுக்கைச் சுற்றிலும் அடைத்தார். ஒரு பொட்டு ஆவி வெளியே போகவில்லை. பத்து நிமிஷத்தில் மல்லிகைப்பூவாக வெந்தது. அடுத்த ஏழு ஈட்டையும் அவர்தான் அவித்தார், என்னைப் பானைப் பக்கமே விடவில்லை. குழந்தை அழுதபோது மட்டும் பழையபடி மருமகளைத்தான் கூப்பிட்டார்.

மத்தியானம் கார்மேகம் அண்டாவோடு கேம்ப்புக்குப் போனான். நான் என் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டுகளில் வைத்துக் கட்டடம் முழுவதும், பக்கத்துக் கட்டடத்திலும் கொடுத்தேன். கௌஸ் முகைதீன், அவருடைய காஜா எடுக்கிற ஆட்கள், மஹ்மூது, மஹ்மூதின் மூன்று தம்பிகள் எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். நூறைத் தாண்டி எண்ணுவதை விட்டுவிட்டேன்.

சாயங்காலம் தட்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. கீழ்வீட்டு ஜலஜா என் தட்டில் நேந்திரங்காய் வறுவல் கொண்டுவந்தாள். மஹ்மூது பாதாம்பருப்பு கொண்டுவந்தார். கார்மேகம் அண்டாவைத் தலையில் சுமந்து வந்து இறக்கினான். பேரீச்சம்பழமும் சோப்பும் பவுடர் டப்பாவுமாக அண்டா முக்கால்வாசி நிறைந்திருந்தது. "பயலுக ஆளுக்கு ஒண்ணு போட்டாய்ங்கக்கா" என்றான்.

மாமியார் ஒவ்வொரு தட்டையும் எட்டி எட்டிப் பார்த்தார். மருமகளிடம் ஏதோ படபடவென்று கேட்டார். நான் சொல்லிக் கொடுத்துச் செய்கிறார்களா என்று கேட்கிறாராம்.

"நான் எதுக்குச் சொல்லணும்? வெறும் பாத்திரத்தையா திருப்பித் தருவாங்க? எல்லாரும் அப்பன் ஆத்தாளுக்குப் பொறந்தவங்கதானே!" என்றேன்.

நான் அப்படிப் பீற்றிக்கொண்டு நிற்கும்போதுதான் கௌஸ் முகைதீனின் கடை ஆள் தட்டை நீட்டினான். அதில் ஒரு பழம் இல்லை, சர்க்கரை இல்லை. வெள்ளை நூல்கண்டு ஒன்று கிடந்தது. எனக்கு மானம் போயிற்று. பச்சைக் குழந்தைக்கு எவனாவது நூல்கண்டு கொடுப்பானா? அந்த மனுஷனைப் பிறகு கவனித்துக்கொள்ளலாம் என்று தட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நழுவினேன்.

மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். என்ன பிடி! முந்தானையை விலக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றார். நூல்கண்டை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கண்ணீர் மாலைமாலையாகக் கொட்டியது.

"மிசூக், என்னடி ஆச்சு? நான் ஒண்ணும் பண்ணலையே!"

மிசூக்கும் அழுதுகொண்டிருந்தாள். "அதுதான் முறை ஒன்னி. எங்கள் ஊரில் நூறாம் நாள் தட்டு திரும்பி வரும்போது வெள்ளை நூல் வைப்பார்கள். நூல் மாதிரி ஆயுசு நீளமாக இருக்கட்டும் என்று. இங்கே ஒருத்தரும் வைக்கப் போவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்."

அந்த அம்மாள் நூலைப் பிரித்து வளையம் வளையமாகச் சுற்றினார். தொட்டிலுக்குப் போய்க் குழந்தையின் கழுத்தில் மெதுவாகப் போட்டார். பிறகு அதைத் தூக்கினார். நூறு நாளில் முதல் தடவை. தன் முதுகில் வைத்துப் போர்வையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, யார் கொடுத்தது என்று சைகையால் கேட்டார். நான் கீழே கை காட்டினேன். செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கினார், பின்னாலேயே நாங்கள் இரண்டு பேரும் ஓடினோம்.

எங்களைப் பார்த்ததும் கௌஸ் முகைதீன் மெஷினை விட்டு எழுந்துவிட்டார். "கோவிச்சுக்காதீங்கம்மா. ரூம்ல திங்கிற சாமான் ஒண்ணும் இல்ல. வெறும் தட்டாக் கொடுத்தா எங்க உம்மா ஏசும்னுதான்…" என்று இழுத்தார்.

மாமியார் அவர் முன்னால் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். அந்த மனுஷனும் அவசரமாகக் குனிந்து சலாம் வைத்தார். வந்தது எதற்கென்று புரியாமல், குழந்தைக்குக் கவுன் தைக்க வந்திருக்கிறார்கள் என்று அவராக முடிவு செய்துகொண்டு, டேப்பை எடுத்து முதுகிலிருந்த குழந்தையை அளந்தார். ஆர்டர் நோட்டைப் பிரித்தார். பேனாவை வைத்துக்கொண்டு, "பிள்ளை பேரு?" என்று நிமிர்ந்தார்.

அவர் கேட்ட விதத்திலேயே கேள்வி எல்லோருக்கும் புரிந்தது. மிசூக் தலையைக் குனிந்துகொண்டாள், மாமியார் நிற்கும்போது மருமகள் சொல்லக்கூடாது. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

முதுகில் இருந்த பாரத்தை ஒருமுறை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு மாமியார் சொன்னார்:

"சோரா."

கௌஸ் முகைதீனுக்குத் தமிழ் எழுத்துதான் தெரியும். 'சோரா, கவுன் ஒன்று, நீளம் பதினாறு அங்குலம், செவ்வாய் டெலிவரி' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.