ஆபீசர் கேட்ட தவலை

இஸ்திரிக்காரியின் உயிரை வாங்கியது தண்ணீர்தான். தெருவுக்குக் குழாய் கிடையாது. லாரி மனசு வைத்தால் வரும், வந்தால் கலங்கலாய் ஊற்றிவிட்டுப் போகும். அதைக் குடித்துத்தான் போன மாதம் அவளுடைய சின்ன மகள் வயிற்றுப்போக்கில் துவண்டுபோனாள். குழாய் வராவிட்டால் இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுவது என்று அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

தெருக்கோடிக் குளத்திலிருந்து குழாய் இழுக்கலாமா என்று சோதிக்க வேண்டிய ஆபீசர் ஒருவழியாக ஃபோன் செய்தார். தங்கமான மனுஷன், பெரிய படிப்பு. நாக்குக்கு 'ள' மட்டும் வராது. அந்தக் கூத்து இவளுக்கு எங்கே தெரியும்?

"நாலைக்கு வரேம்மா. குலத்துல தவலை இருக்கணும். இருந்தாத்தான் தண்ணி சுத்தம். இல்லன்னா குழாய் கிடையாது."

"எங்க குலத்துல தவலைக்கா பஞ்சம்? வீட்டுக்கு ரெண்டு இருக்கு சார்!"

"வீட்டுக்குல்லயுமா? ரொம்ப சந்தோஷம். கரையில வந்து பார்க்கறேன்."

அவ்வளவுதான், தெருவே அல்லோலகல்லோலப்பட்டது. தண்ணீர் பிடிக்கிற பித்தளைத் தவலை, அலுமினியத் தவலை, நசுங்கின தவலை எல்லாம் சாம்பல் போட்டுத் தேய்க்கப்பட்டுக் கரையில் வரிசைகட்டின. "எதுக்கு அண்ணி இதெல்லாம்?" என்றாள் நாத்தனார். "பாத்திரம் சுத்தமா இருந்தாத்தானேடி தண்ணி சுத்தமா இருக்கும்? வாயப் பார்க்காம அந்தச் சனியனுங்கள வெரட்டு!" என்றாள் இஸ்திரிக்காரி. கரையெல்லாம் தத்திக்கொண்டிருந்த தவளைகளை நாத்தனார் விளக்குமாற்றால் ஓட ஓட விரட்டினாள்.

ஆபீசர் வந்தார். குளத்தைப் பார்த்தார். பாத்திரங்களைப் பார்த்தார்.

"தவலை எங்கம்மா?"

"கண்ணு கூசுற மாதிரி தேய்ச்சு வச்சிருக்கோமே சார்!"

"இது இல்லம்மா. த... வ... லை!"

"அதேதான் சார்!"

மனுஷன் வெறுத்துப்போனார். ஷூவைக் கழற்றினார், பேண்டைச் சுருட்டினார், குத்த வைத்து உட்கார்ந்து, "கொர்ர்... கொர்ர்..." என்று ஒரு தத்துத் தத்தினார். "கெட்ட தண்ணியில இது குடித்தனம் பண்ணாதும்மா!"

இஸ்திரிக்காரிக்கு அப்போதுதான் விளங்கியது. "அடிப்பாவி, நம்மளே வெரட்டிவிட்டோமேடி!" என்று தலையில் கைவைத்தாள். குழாய் போச்சு, மகளுக்கு மறுபடியும் லாரித் தண்ணீர்தான் என்று கண் கலங்கிவிட்டது. "சார், உங்க காலப் பிடிக்கிறேன், இன்னொரு தடவ கத்துங்க சார்!"

ஆபீசர் தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினார். பெரிய பித்தளைத் தவலைக்குள்ளிருந்து 'கொர்ர்' என்று கணீரெனப் பதில் வந்தது. பிறகு பக்கத்துத் தவலையில். பிறகு நசுங்கினதில். விளக்குமாற்றுக்குப் பயந்த தவளைகளெல்லாம் உள்ளே ஒளிந்திருந்தன.

"தவலைக்குல்ல தவலை!" என்று ஆபீசர் கைதட்டினார்.

சொன்னபடி குழாய் வந்தது. முதல் தண்ணீர் பிடிக்கப் போன இஸ்திரிக்காரி, தவலையைக் குனிந்து பார்த்து, "ஆபீசர் சார், உள்ள இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் குழாயைத் திறந்தாள். சின்னவள் ஒரு டம்ளர் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள்.