இளவரசியின் ஆட்சேபணை

பள்ளிக் குழுக் கூட்டத்தில் இளவரசி தூக்கிய வலது கை பத்தொன்பது நாள் கீழே இறங்கவில்லை. காஞ்சிபுரத்தில் ஜரிகை விலை ஏறிய ஆடி மாதம் அது. இனிமேல் கூட்டங்களில் மாணவர் பிரதிநிதி ஒருவரையும் உட்கார வைக்க வேண்டும் என்று, ஓரிக்கை சாலையில் இருந்த அந்தப் பள்ளிக்குச் சுற்றறிக்கை வந்திருந்தது. தலைமையாசிரியர் தனசேகரன் ஒன்பதாம் வகுப்பு இளவரசியைத் தேர்ந்தெடுத்தார். மூன்று வருடமாக அவள் குரலை எந்த ஆசிரியரும் கேட்டதில்லை என்பதே அவளுடைய தகுதி. பட்டு நெய்யும் வீட்டுப் பெண். காலை மிதித்தவரிடம் தானே மன்னிப்புக் கேட்கும் சுபாவம். தீர்மானப் புத்தகத்தில் எல்லாம் முந்தின நாளே எழுதியாகிவிடும். ஆறாம் வகுப்பைக் கிழக்கு அறைக்கு மாற்றுவது என்ற தீர்மானத்தின் கீழே ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று எழுதி மை காய்ந்து ஒரு நாள் ஆகியிருந்தது. அந்த அறையின் கூரையில் சுவருக்குச் சுவர் ஓடிய விரிசலைப் பள்ளியில் பார்க்காதவர் கிடையாது. “ஆட்சேபணை யாருக்காவது இருக்குதா?” என்று தலை நிமிராமல் கேட்டுவிட்டுத் தனசேகரன் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அப்போதுதான் கை எழுந்தது. அதைப் பார்த்து முதலில் பயந்தவள் இளவரசிதான்.

இடது கையால் பிடித்து இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. டீயும் பிஸ்கட்டும் வந்து, தீர்ந்து, எல்லாரும் எழுந்த பிறகும் அது அப்படியே நின்றது. “போதும்மா, கைய கீழ வுடு” என்றார் தனசேகரன். “இறங்கல சார்” என்றாள். இடது கையாலேயே அவளைக் கையெழுத்துப் போட வைத்து அனுப்பிவிட்டார்கள். அன்று பேருந்தில் அவள் இறங்கக் கேட்கிறாள் என்று நினைத்து நடத்துநர் நாலு இடத்தில் விசில் கொடுத்தார். அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். மாகறல் கோயிலில் விளக்குப் போட்டார்கள். ஒரு வாரத்தில் தெரு அந்தக் கைக்குப் பழகிவிட்டது. அவள் பழகவில்லை.

எட்டாம் நாள் அம்மா சம்பூர்ணம் தறியை விட்டு எழுந்து வந்து மகளின் தோளை அமுக்கிப் பார்த்தாள். முப்பது வருடம் தறியில் உட்கார்ந்தவளுக்குச் சும்மா தூக்கிய கைக்கும் பளு தாங்குகிற கைக்கும் வித்தியாசம் தெரியும். “இது வெயிட்டு தாங்கிக்கினு இருக்குதுமா. இன்னாத்த தாங்குற நீ?” என்றாள். மறுநாள் அவளைப் பள்ளிக்கு அனுப்பாமல், எண்ணெய் தடவி, சித்தப்பாக்கள் இரண்டு பேர் சேர்ந்து இழுத்ததில் கை ஓர் அங்குலம் இறங்கியது. சாயங்காலம் அடுத்த தெரு எஸ்தர் நசுங்கிய டிபன் பாக்ஸோடு வந்து நின்றாள். எஸ்தர் ஆறாம் வகுப்பின் லீடர். கிழக்கு அறையின் கூரைக் காரை இட்லித் தட்டு அகலத்துக்குப் பெயர்ந்து அவள் பெஞ்சில் விழுந்ததாம். “எத்தினி மணிக்கு?” என்று கேட்டாள் சம்பூர்ணம். “பதினொன்னு பத்துக்கும்மா.” சித்தப்பாக்கள் கையை இழுத்தபோது சுவர்க் கடிகாரத்திலும் அதே நேரம். சம்பூர்ணம் ஓடிப்போய் மகளின் முழங்கைக்கு அடியில் தன் தோளை முட்டுக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு இளவரசிக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்தெட்டுப் பிள்ளைகள். கை மரத்துப்போனால் என்ன ஆகும், தூக்கத்தில் சரிந்தால் என்ன ஆகும் என்று அதே நினைப்பு. ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து இறக்கிவிடலாம் என்றால், இரவில் காவலாளி தர்மன் குடும்பத்தோடு அங்கேதான் படுப்பார், ஞாயிற்றுக்கிழமை தையல் வகுப்பு. அந்த அறை காலியாக இருக்கும் நேரமே இல்லை. இதற்கிடையில் கை தினமும் ஒரு நூல் அளவு தானாகவே தாழ்ந்துகொண்டிருந்தது. கடைசியில் அவள் தனசேகரனிடம் போனாள். “பசங்கள வெளிய உட்கார வைங்க சார். நான் கைய இறக்கிடறேன்.” அவரும் பயந்த மனிதர்தான், வெள்ளிக்கிழமை பார்வையிட அதிகாரி வருகிறார். “ஏகமனதான்னு எழுதியாச்சும்மா. எழுதினத மாத்த முடியாது” என்றார். வெள்ளி காலை பத்து மணிக்குக் கை இறங்கியிருக்காவிட்டால் விளையாட்டு ஆசிரியர் ராமராஜன் இழுத்து இடுப்போடு கட்டிவிடுவார், மேலே பேசினால் டி.சி. என்றும் சொன்னார். டி.சி. என்ற சொல்லுக்கு எப்போதும் நடுங்குபவள், அன்று பத்து மணி என்பதற்குத்தான் நடுங்கினாள்.

வெள்ளிக்கிழமை பிரேயர் முடிந்ததும் எல்லாவற்றையும் எஸ்தரிடம் சொன்னாள். டீச்சர் வருகைப் பதிவேடு எடுக்கப் போன நேரம் எஸ்தர் மேசை முன்னால் நின்று, “இங்க உட்கார்றதுக்கு யாருக்கு ஆட்சேபணை?” என்று கேட்டாள். பாதிப் பேருக்கு அந்தச் சொல்லே புரியவில்லை. “மேல பாத்துட்டு சொல்லுங்கப்பா” என்றாள். முப்பத்தேழு பேரும் மேலே பார்த்தார்கள், கையைத் தூக்கினார்கள், பையை எடுத்துக்கொண்டு வரிசையாக முற்றத்து வேப்பமரத்தடிக்குக் கிளம்பினார்கள். அப்போது வராந்தாவில் ராமராஜன் துண்டோடு வந்து இளவரசியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். கை தாழத் தாழ உள்ளே காரை உதிரும் சத்தம் கேட்டது. வெளியே வந்த தலைகளை அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தேழு. எஸ்தரைக் காணவில்லை, மேசையில் வைத்த புது டிபன் பாக்ஸை எடுக்கத் திரும்பிப் போயிருந்தாள். இளவரசி பல்லைக் கடித்துக்கொண்டு, ராமராஜனின் முழு பலத்துக்கும் எதிராகக் கையை மேலே நெட்டினாள். அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று அவர் பல நாள் கேட்டுக்கொண்டிருந்தார். எஸ்தர் பாக்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடி வந்தாள். முப்பத்தெட்டு. இளவரசியின் கை மெதுவாக இறங்கித் தொடையைத் தொட்டது. கிழக்கு அறையின் கூரை மொத்தமாகக் கீழே வந்தது.

அதிகாரி வந்தபோது தூசி அடங்கவில்லை. தனசேகரன் தீர்மானப் புத்தகத்தை எடுத்து, ‘ஏகமனதாக’ என்பதை அடித்துவிட்டு, மேலே ‘ஒருவர் ஆட்சேபணை’ என்று எழுதினார். எழுத்து கோணலாக வந்தது. நாலு வருடம் போய்விட்டது. இளவரசி ஏனாத்தூரில் கல்லூரிக்குப் போகிறாள், இன்னும் அதிகம் பேசுவதில்லை. கூட்டத்தில் அவள் நாற்காலியில் இப்போது எஸ்தர் உட்காருகிறாள். ஆட்சேபணை உண்டா என்று கேட்டால் தனசேகரன் நிமிர்ந்து, ஒவ்வொரு கையாகப் பார்த்து முடிக்கும்வரை பேனாவைத் திறப்பதில்லை. சில கூட்டங்களில் எஸ்தரின் கை எழுகிறது. அப்போது அறையில் இருக்கும் எல்லாரும் முதலில் கூரையைப் பார்த்துக்கொள்கிறார்கள், பிறகு அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்கிறார்கள்.