தோட்டம் முதலில், ஆபரேஷன் மூன்றாவது

"என் மனு எங்க?" என்று கேட்டாள் சுகுணா.

லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயிலிருந்து வந்த கப்பலை விட்டு இறங்கிய கையோடு, கப்பல் படுக்கை ஒதுக்கும் போர்ட் பிளேர் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். நாளை சென்னைக் கப்பல். அதில் நோயாளிகளுக்கு நான்கு படுக்கை. ஒதுக்கீடு இன்று மதியம். அடுத்த வியாழக்கிழமை அவள் கணவன் நல்லதம்பிக்குச் சென்னையில் இதய ஆபரேஷன்.

மனுக்களைப் பிரிக்கும் கணினி நிரலை எழுதி, இப்போது அவள் எதிரே உட்கார்ந்திருந்த அருண்பிரசாத்தும் ஹட் பேக்காரன்தான்.

"தோட்டப் பிரிவுல கெடக்கு, அக்கா."

"அக்கான்னு கூப்பிடாத. நெஞ்சு ஆபரேஷனுக்குத் தோட்டத்துல என்ன வேல?"

"டிக்‌ஷனரில பிரிவு பிரிவா சொல் பட்டியல் இருக்கு. மெஷின் பட்டியல்கள மேலேருந்து ஒவ்வொண்ணாப் பாக்கும். எந்தப் பட்டியல் சொல்லு மனுவுல மொதல்ல அகப்படுதோ, அதுல போட்டுட்டு நின்னுரும். தோட்டம் மொதல்ல, ஆபரேஷன் மூணாவது. நீங்க எதுக்குத் தோட்டத்த எழுதுனீங்க?"

"ஒங்கப்பா எப்படி எழுதுவாரு?"

அவன் திரையில் அவள் மனுவைத் திறந்தான்.

"சிலோன்லேருந்து வந்தவங்க, எண்ணெய்ப் பனைத் தோட்டத்துல வேல பாத்தவங்கன்னு ஆரம்பிக்காம ஒங்க வீட்டுல ஒரு அர்ஜி போயிருக்கா? ரேஷன் கார்டுக்கே அப்படித்தான எழுதுனாரு?"

"தெரியும். நம்ம ஆளுங்க வீட்டு வழக்கு, பென்ஷன் எல்லாம் ஒரே எடத்துல சேரட்டும்னுதான் தோட்டத்த மேல வச்சேன்."

"தெரிஞ்சே வச்ச. மாத்து."

அவன் ஆபரேஷன் பட்டியலை மேலே ஏற்றி நிரலை மறுபடி ஓட்டினான். தோட்டத்துக்குள்ளிருந்து ஏழு மனுக்கள் வெளியே வந்தன. ஆபரேஷன் மனுக்கள் எல்லாவற்றையும் கொடுத்த தேதிப்படி அடுக்கியபோது சுகுணா ஐந்தாவது. முதல் பெயர் ஜம்புலிங்கம்; அவர் மனு ஒரு மாதமாகத் தோட்டப் பிரிவில் கிடந்திருந்தது.

"நாலு படுக்கதான் இருக்கு" என்றான்.

அவள் பெயர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மொத ஆளுக்குப் போன் போடு. அவரு வராட்டி எனக்குக் குடு."

ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் கேட்டது. ஜம்புலிங்கத்தின் மகள்.

"அப்பா போன செவ்வாக்கெழம எறந்துட்டாரு. நீங்க யாரு?"

அருண்பிரசாத் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டுத் தட்டச்சு செய்தான். அச்சுப்பொறி ஒரு சீட்டைத் தள்ளியது. நல்லதம்பி, படுக்கை நான்கு.

"ஒங்களுக்குக் கெடச்சிருச்சு, போங்க" என்றான் மெதுவாக.

சுகுணா சீட்டை மடித்து ரவிக்கைக்குள் செருகினாள். கைப்பேசியை அவன் பக்கம் தள்ளினாள்.

"ஹலோ, எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றாள் ஜம்புலிங்கத்தின் மகள்.

"கேக்குதுல்ல" என்றாள் சுகுணா. "சொல்லு. எது மொதல்ல, எது மூணாவதுன்னு அந்தப் புள்ளகிட்டயும் சொல்லு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.