மேய்ச்சல் முட்டை

முட்டை பொதியும் கூடத்தில் எல்லோரும் அவளைப் ‘புதுசு’ என்றுதான் கூப்பிட்டார்கள். சேர்ந்து மூன்று மாதமாகியும் அந்தப் பட்டப்பெயர் போகவில்லை. இத்தனை நாளும் பச்சைப் பெட்டி மேசையில் நின்றவளை அன்று காலைதான் பழுப்புப் பெட்டிக்கு மாற்றியிருந்தார்கள். முட்டையிலெல்லாம் சேறு அப்பியிருக்கிறதே என்று, ஈரத்துணியால் ஒரு தட்டு முழுக்கத் துடைத்துப் பளபளவென்று அடுக்கிவிட்டாள். சூப்பர்வைசர் தலையிலடித்துக்கொண்டார்.

“அடிப்பாவி! இது மேய்ச்சல் முட்டை. இத ஏன் தொடச்ச?”

“அசிங்கமா இருந்துச்சு சார்.”

“அந்த அசிங்கத்துக்குத்தான் கூட வெல. மறுபடியும் பூசு!”

எல்லா முட்டையும் பின்கட்டுக் கூண்டுகளிலிருந்துதான் வந்தன. இறக்கையை விரிக்கக்கூட இடமில்லாத கூண்டுகள். பச்சைப் பெட்டியில் போட்டால் ஆர்கானிக், பழுப்பில் போட்டால் மேய்ச்சல். மேய்ச்சலுக்கு மட்டும் கொஞ்சம் சிங்காரம் உண்டு. சேற்றையும் கோழி எச்சத்தையும் ஒரு சட்டியில் குழைத்து, விரலால் ஒரு தீற்று தீற்றி, மேலே ஒரு வைக்கோல் துரும்பை ஒட்ட வேண்டும். சட்டிக்குள் விரலை விட்டதும் அவளுக்குக் குமட்டியது. சீ, இதுவும் ஒரு பிழைப்பா!

ஆனாலும் துடைத்த முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தீற்றினாள். புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தான். கம்பெனி மருத்துவ அட்டை இருந்தால்தான் ஆபரேஷன். வேலையை நிரந்தரமாக்கினால்தான் அட்டை. நிரந்தரமாக்கும் படிவத்தில் சூப்பர்வைசர் இன்றைக்குக் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார்.

பதினோரு மணிக்குக் கடைகளுக்குக் கொள்முதல் செய்யும் அம்மா வந்தார். இரண்டு பெட்டியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு நேரே புதுசிடம் வந்தார்.

“நீ தெனமும் தொடுறவ. உண்மையச் சொல்லும்மா, எது நல்லது? கடைக்கு மட்டும் இல்ல. என் மக மாசமா இருக்கா, அவளுக்கும் வேணும்.”

சூப்பர்வைசர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். கண் மட்டும் அவள் மேலேயே இருந்தது.

பிள்ளைத்தாச்சி தின்னப்போவதா இது? இடுப்பை அசைக்க முடியாமல் ராத்திரியெல்லாம் முனகுகிறவன் ஞாபகம் வந்தது.

“மேய்ச்சல்தாம்மா நல்லது. வெளிய ஓடியாடி மேயுற கோழி. பாருங்க, மண்ணுகூட ஒட்டியிருக்கு.”

சொல்லி முடித்ததும் தன் நாக்கின் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. அந்த அம்மா ஒரு முட்டையை எடுத்து மூக்கருகில் வைத்து, கண்ணை மூடி இழுத்து முகர்ந்தார்.

“அடடா, மண் வாசன!”

மாதாமாதம் வாங்குவதைப் போல இரண்டு மடங்கு கேட்டுவிட்டு, மகளுக்கென்று நாலு பெட்டியைக் கையோடு வாங்கிக்கொண்டு காரில் ஏறினார்.

“பேசத் தெரிஞ்ச ஆளுதான் நீ. இனிமே யாரு வந்தாலும் நீயே பேசிடு,” என்று சிரித்தபடி சூப்பர்வைசர் அவளைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். படிவத்தில் தன் கையெழுத்தைப் போட்டு அவள் பக்கம் தள்ளினார். அவள் பேனாவுக்குக் கையை நீட்டினாள்.

அவர் வெடுக்கென்று காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார்.

“சீ, என்ன கை இது? நாத்தம் கொடலப் புடுங்குது. போய்க் கழுவிட்டு வா.”