ஒண்ணும் பண்ணாது

நோன்பு மாதத்தில் அல்ஜியர்ஸ் நகரம் மாலையில் பத்து நிமிஷம் மூச்சை நிறுத்திக்கொள்ளும். பாங்குக்கு முந்தைய அந்தப் பத்து நிமிஷத்தில் தெருவில் ஈ காக்கை இருக்காது. எல்லோரும் ஷோர்பா சூப்புச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து பேரீச்சம்பழத்தை முறைத்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மூன்றாம் மாடி ரத்வான் தன் நாயை மலைச்சரிவின் கல்படிக்கட்டில் அவிழ்த்துவிடுவான். அதே நேரம் பார்த்துத்தான் ஜெல்லூல் தூக்குச்சட்டியோடு படியிறங்க வேண்டும். படிக்கட்டின் அடிவாரத்தில் குடியிருக்கும் ஜுலைகாவுக்குக் கண் முக்கால்வாசி போய்விட்டது. ஜெல்லூல் வீட்டு ஷோர்பாவில்தான் அவள் நோன்பு திறப்பாள்.

ஜெல்லூல் முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். அவரைக் கண்டு பெரிய பெரிய மீசைகளே பின்வாசல் வழியாகக் குதித்து ஓடியிருக்கின்றன. நாய்க்கு இதெல்லாம் தெரியாது. ஆகவே மூன்று நாளாக அவர் படிக்கட்டை விட்டுவிட்டு, கார் போகும் சாலையில் மலையையே சுற்றிப் போய்க்கொண்டிருந்தார். கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றார். முழங்கால் வலிக்கு ஏன் நாலு மடங்கு தூரம் நடக்க வேண்டும் என்று யாரும் கேட்காதது அவருடைய அதிர்ஷ்டம்.

நாலாம் நாள் தண்ணீர்க் குழாய்க்காகச் சாலையைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள்.

"ஜுலைகா அக்கா போன் பண்ணிச்சு," என்றாள் மனைவி ஃபத்தீஹா, சட்டியை நீட்டிக்கொண்டே. "மூணு நாளா ஷோர்பா ஐஸ் மாதிரி வருதாம். இன்னிக்கும் லேட்டானா தானே தடியை ஊனிக்கிட்டுப் படியேறி வந்து வாங்கிக்குமாம்."

"அது எதுக்கு வரணும்? வேண்டாம்னு சொல்லு!"

"நீங்க சீக்கிரம் போனா அது ஏன் வரப்போகுது? கிளம்புங்க, முழங்கால் ராஜா."

நூற்றுப் பன்னிரண்டு படிகள். மேலிருந்து தொண்ணூறாவது படியில் ஒரு சின்னத் தளம். அதை முழுசாக அடைத்துக்கொண்டு சுல்தான் படுத்திருந்தது. கன்றுக்குட்டி அளவு, கறுப்பு. நாக்கு மட்டும் சிவப்பு. ரத்வான் ஒரு ஓரமாகக் கம்பியில் சாய்ந்திருந்தான். நாயின் வாரை மஃப்ளர் மாதிரி தன் கழுத்தில் போட்டிருந்தான்.

ஜெல்லூல் நாலு படி மேலேயே நின்றுவிட்டார்.

"வாங்க மாமா, பயப்படாதீங்க. ஒண்ணும் பண்ணாது."

"கட்டுப்பா அதை."

"இந்த நேரத்துல யாரு மாமா வரப்போறா?"

"நான் வந்திருக்கேன்ல?"

"அதான் வந்துட்டீங்களே. இனிமே யாரு?"

நாய் எழுந்து நின்றது. குரைக்கவில்லை. குரைத்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அது ஜெல்லூலின் சட்டியைப் பார்த்தது, அவருடைய தொடையைப் பார்த்தது, இரண்டில் எது என்று யோசிப்பது போல மறுபடியும் சட்டியைப் பார்த்தது. அவருடைய முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கியது. பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காத உடம்பில் இவ்வளவு தண்ணீர் எங்கே இருந்தது என்று ஆச்சரியமாக இருந்தது.

அப்போது கீழே தாழ்ப்பாள் திறந்தது. டக். டக். கல்படியில் தடி.

சுல்தானின் காதுகள் நிமிர்ந்தன. அது கீழ்ப்பக்கம் திரும்பி, தொண்டைக்குள் உறுமத் தொடங்கியது.

"ஜுலைகா அக்கா! வராத! உள்ள போ!" என்று கத்த ஜெல்லூல் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. டக். டக்.

"பிடிடா அதை!" இது கிசுகிசுப்பாக வந்தது.

"சுல்தான், உட்காரு," என்றான் ரத்வான். நாய் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனும் கம்பியை விட்டு நகரவில்லை.

"பிடிச்சுக் கட்டுடா!"

"பிடிச்சா கடிக்கும் மாமா." சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டு. "இது என் அண்ணனோடது. அவன் கள்ளப் படகேறி வெளிநாடு போயிட்டான். எனக்கு அடங்க மாட்டேங்குது. எப்படியோ கீழ வரைக்கும் இழுத்துட்டு வந்து அவிழ்த்து விடுறேன். ஓடிக் களைச்சா அதுவா வீட்டுக்கு வரும்."

"அப்ப தினம் தினம் ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னியே?"

"உங்களுக்காச் சொன்னேன்? எனக்கு நானே சொல்லிக்கிட்டேன் மாமா."

ஜெல்லூல் சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். இவ்வளவு நாளும் நாய்க்குச் சொந்தக்காரன் ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

டக். டக். பன்னிரண்டு படி இருக்குமா? சுல்தான் முன்கால்களைத் தாழ்த்தியது.

ஜெல்லூல் நாலு படியும் இறங்கி, மூடியைத் திறந்து ஷோர்பாவைத் தளத்தில் கவிழ்த்தார். ஆட்டுக்கறித் துண்டுகள் ஆவியோடு கல்லில் சிதறின. மூக்கு முதலில் திரும்பியது, பிறகு தலை, பிறகு அந்தக் கறுப்பு உடம்பு மொத்தமும்.

"இப்ப மாட்டு!"

ரத்வான் வந்தான். கொக்கி ஒருமுறை வழுக்கியது. இரண்டாம் முறையும் வழுக்கியது. கறி குறைந்துகொண்டே வந்தது. கழுத்துப்பட்டியை யாராவது தூக்கிப் பிடிக்க வேண்டும். ஜெல்லூல் சுற்றிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு விரல்களைப் பட்டிக்குள் நுழைத்தார். பழைய பஸ் எஞ்சின் மாதிரி உறுமல் அவர் தோள் வரை ஏறியது.

கிளிக்.

"யாரது, ஜெல்லூலா?" மூன்று படி கீழே ஜுலைகா நின்றிருந்தாள். "என்ன இப்படி உறுமுது? உன் வயிறா?"

"நாய் அக்கா. அங்கயே நில்லு."

"ஷோர்பா வாசனை வருதே?"

"அது குடிச்சிருச்சு."

"அதுவும் நோன்பா?"

பாங்கு ஒலித்தது. மலை முழுக்க ஜன்னல்களுக்குள் கரண்டிகள் ஓசைப்பட்டன. ஜுலைகா அங்கி மடிப்பிலிருந்து ஒரு பேரீச்சம்பழம் எடுத்து, பிய்த்து, ஒரு பாதியைக் குரல் வந்த திசையில் நீட்டினாள். ஜெல்லூல் இடது கையால் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"வீட்ல இன்னும் சட்டி நிறைய இருக்கு. நானே கூட்டிட்டுப் போறேன். கொஞ்சம் பொறு."

"விடுங்க மாமா, மாட்டியாச்சு," என்றான் ரத்வான்.

"தெரியும்." விரல்கள்தான் விரியவில்லை.

"மன்னிச்சிருங்க மாமா."

"நாளையிலேருந்து வாசல்லயே வாரைப் பிடிச்சுக்கிட்டு இறங்கு. படியில அவிழ்க்காத. வாய்க்கூடும் போடு."

"வாய்க்கூடு தனியா மாட்ட முடியாது மாமா. ரெண்டு ஆள் வேணும்."

ஜெல்லூல் நாயைப் பார்த்தார். அது கல்லை நக்கி முடித்துவிட்டு அவரைப் பார்த்தது.

"கிளம்பறப்ப எங்க கதவைத் தட்டு," என்றது ஒரு குரல். தன் குரல்தான் என்று தெரிந்தபோது அந்தக் குரலின் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. ஆனால் வலது கைக்கு வேறு வேலை இருந்தது. பட்டிக்குள் உறுமல் இன்னும் நிற்கவில்லை.