சாரிகா என்றொரு கார்

ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் அன்று மிருதுளாவின் பேச்சு. மோட்டார் கார் வந்த நாளிலிருந்து அதைப் பற்றி வந்த பாட்டுகள்தான் தலைப்பு. இசைத்தட்டுகளைத் தேடி ஐந்து வருஷம் நாயாய் அலைந்திருந்தாள். மோட்டாரில் போக அடம்பிடிக்கும் புதுப்பெண், ஹார்ன் சத்தத்தில் வேட்டி அவிழ ஓடும் பெரியவர் என்று வங்காளத்திலும் தமிழிலும் ஒரு மூட்டைப் பாட்டுகள் சேர்ந்திருந்தன.

ஒரே ஒரு பாட்டை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டாள். காரணம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எண்பத்தோரு வயது அப்பா, பார்த்தசாரதி.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் அவர் நல்ல வேலையை உதறிவிட்டு, ஹவுராவில் ஒரு கொட்டகை பிடித்து, சாரிகா என்ற பெயரில் சின்னக் கார்கள் செய்யத் தொடங்கினார். முதல் வண்டியின் வெள்ளோட்டத்துக்கு ஊரே கூடியிருந்தது. மேம்பாலத்தின் நடுவில் போய் நின்றது வண்டி, நின்றது நின்றதுதான். கயிறு கட்டித் திரும்ப இழுத்து வந்தார்கள். அந்த வருஷத் துர்கா பூஜைக்குப் பேட்டை கிளப் பையன்கள் பாட்டே கட்டிவிட்டார்கள். முன்னால் இரண்டு பேர் இழுக்க, பின்னால் நாலு பேர் தள்ள, பாலம் தாண்டினாள் சாரிகா! மரத்திலிருந்து விழுந்தவனை மாடு ஏறி மிதித்த கதைதான். அதைவிடக் கொடுமை, மேடையேறி அதைப் பாடியது எட்டு வயது மிருதுளா. தமிழைவிட வங்காளம்தான் அவளுக்குச் சரளம். ஆனாலும் பாட்டில் அப்பாவின் வண்டி வருகிறது என்ற பெருமைதான் தெரிந்தது, கேலி தெரியவில்லை. அப்பா பந்தலில் நின்று கைதட்டினார். விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கைதட்டலை நினைத்து அவள் கூசாத நாளில்லை.

பேச்சு முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். அப்பா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"போலாமாப்பா?"

"நம்ம வண்டி வரலையேம்மா."

மிருதுளா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அன்னிக்குப் புரியாமப் பாடிட்டேன்பா. இத்தனை பேர் முன்னாடி மறுபடியும் உங்களைத் தலைகுனிய வைக்க வேண்டாம்னுதான் விட்டுட்டேன்."

அவர் காலி மேடையைப் பார்த்தார்.

"செஞ்சது நாலு வண்டி. நாலும் பழைய இரும்புக்குப் போயாச்சு. கூட இருந்தவாளும் போயிட்டா. சாரிகான்னு ஒண்ணு இருந்ததுன்னு சொல்ல அந்தப் பாட்டு ஒண்ணுதான் பாக்கி. அதுல மட்டும்தாம்மா அது பாலத்தைத் தாண்டித்து. அதைக் கேக்கத்தான் வந்தேன்."